சாயர்புரத்துக் கிரேக்கமும் நம் ஈஸாகோஜியும்

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே பனங்காடு சூழ்ந்த சிற்றூர் சாயர்புரம். சாயர் என்னும் வணிகர் வாங்கியளித்த நிலத்தில் எழுந்த ஊராதலின் அப்பெயர் பெற்றது. கடைத்தெருவும் தேவாலயமும் உள்ள இவ்வூரில், நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் நம் தமிழ்ப் பிள்ளைகள் கிரேக்கமும் இலத்தீனும் ஓதினார்கள் என்றால் கேட்போர் வியப்பர். ஆயினும் அது நடந்த வரலாறே.

ஜி. யு. போப் 1820-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தவர். 1839-ல் தமிழகம் வந்து, இராமாநுச கவிராயரிடம் தமிழ் கற்று, 1842-ல் சாயர்புரம் சேர்ந்தார். அங்கே அவர் நடத்திய குருத்துவக் கல்லூரியில் ஆங்கிலத்தோடு இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளும் கற்பிக்கப்பட்டன. அம்மாணவர்கள் கிரேக்கம் கற்றது அலங்காரத்திற்கன்று. புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்கத்தில். வேதத்தைப் பிறருக்கு விளக்கப் போகிறவன் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருக்கலாகாது என்பதே அக்கல்வியின் அடிப்படை. இக்கருத்து நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனைத் தமிழில் வாசிப்பவரையும், ஸர்ஃபும் நஹ்வும் கற்று அரபியில் ஓதி விளங்குபவரையும் நாம் ஒரே தட்டில் வைப்பதில்லையே! வினைச்சொல்லின் வாய்பாடுகளை விடியற்காலையில் உரக்க ஒப்புவித்த நம் இளமை நாட்களை எண்ணும்போது, சாயர்புரத்துப் பையன்களும் வேறொரு மொழியின் வாய்பாடுகளை அவ்வாறே உருப்போட்டிருப்பர் என்று தோன்றுகிறது.

அவ்வூரிலிருந்து ஒரு நாள் நடையில் காயல்பட்டினம் இருக்கிறது. சதகத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் பிறந்த ஊர். அரபுக் கல்வி தழைத்த ஊர். அரபு மத்ரஸாக்களில் நெடுங்காலமாக மன்திக் என்னும் தருக்கக் கலை பாடமாக இருந்து வருகிறது. அதன் தொடக்க நூல்களுள் ஒன்று, 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸீருத்தீன் அல்அப்ஹரீ எழுதிய ‘ஈஸாகோஜி’. நாமும் அதை ஓதினோம். ஜின்ஸ், நவ்உ, ஃபஸ்ல், காஸ்ஸா, அரழ் ஆம் என்னும் ஐந்து பொதுமைகளையும் தூக்கத்திலும் சொல்வோம். நூலின் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருநாள் உஸ்தாதிடம் கேட்டோம். ஷரஹைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், ஐந்து பொதுமைகளுக்கே அப்பெயர் என்று ஒரு கருத்து; ஒரு ஞானியின் பெயர் என்று மற்றொன்று; ஐந்து இதழ் கொண்ட ரோஜாவின் பெயர் என்று இன்னுமொன்று!

ஆண்டுகள் பல கழிந்தபின்தான் உண்மை விளங்கிற்று. ‘எய்ஸகோகே’ என்பது கிரேக்கச் சொல். ‘முன்னுரை’, ‘அறிமுகம்’ என்பது அதன் பொருள். 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ஃபிரி என்பார் அரிஸ்டாட்டிலின் தருக்கத்திற்கு எழுதிய முன்னுரைக்கு அதுவே பெயர். போர்ஃபிரி முஸ்லிமுமல்லர், கிறிஸ்தவருமல்லர். கிறிஸ்தவத்தை எதிர்த்தே நூல் எழுதியவர். அவருடைய முன்னுரையைக் கிறிஸ்தவர்களும் ஓதினர், நாமும் ஓதினோம். ஆனால் கிரேக்கம் அறிந்தவர் நம்மிடையே அருகிப் போனதும் முன்னுரை ரோஜாப்பூவாகி விட்டது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியாயின. அப்பணியில் தலைசிறந்தவர் ஹீராவில் பிறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஒரு நூலை மொழிபெயர்க்கு முன் கிடைத்த பிரதிகளையெல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை திருத்திக் கொள்வது அவர் வழக்கம். ஜாலீனூஸின் நிரூபணம் பற்றிய நூலைத் தேடி இராக், ஷாம், பாலஸ்தீன், மிஸ்ர் எங்கும் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றார். கிடைத்ததோ திமிஷ்கில் ஏறத்தாழப் பாதி மட்டுமே. ஒரு கிதாபின் பாதிக்காக இத்தனை நாடுகள் அலைந்த மனிதர் அவர்! பின்னர் டொலேடோ நகரில் அந்த அரபு நூல்கள் இலத்தீனாயின. தாலமியின் வானநூல் 1175-ல் கிரெமோனாவின் ஜெரார்டு கையால் அரபியிலிருந்தே இலத்தீனுக்குச் சென்றது. ‘அல்மஜிஸ்தி’ என்ற அரபுப் பெயரின் சாயலை ஐரோப்பியர் இன்றும் விடவில்லை.

இதே தாலமி தம் புவிநூலில் நம் கரையையும் குறித்திருக்கிறார். அவர் ‘கொல்கோய்’ என்பது கொற்கை. அவருக்கும் முந்திய முதல் நூற்றாண்டினதான ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், குமரிக்கு அப்பால் கொல்கோயில் முத்துக் குளிப்பு நடப்பதையும், அது பாண்டியருக்கு உரியது என்பதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கு மூழ்குவர் என்பதையும் சொல்கிறது. கொற்கை சாயர்புரத்திலிருந்து சில கல் தொலைவுதான். தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் இன்று கடலைவிட்டு விலகி நிற்கிறது. போப்பின் மாணவர்கள் படித்த மொழியில், அவர்கள் நடந்து போய் வரக்கூடிய ஊரின் பெயர் எழுதப்பட்டிருந்தது! 1870களில் கொற்கையிலும் பழைய காயலிலும் அகழ்ந்து ஆராய்ந்த கால்டுவெல், கிரேக்க நூலையும் இம்மண்ணையும் சேர்த்துப் படித்தவர். முத்து வணிகத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட நம் சமூகத்தார்க்கு அந்நூலை மூலத்தில் படிக்க ஒருவர் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

போப் 1840களின் இறுதியில் சாயர்புரத்தை விட்டுச் சென்றார். பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். திருக்குறளை 1886-லும், நாலடியாரை 1893-லும், திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1908-ல் காலமானார். அவர் சமயப் பரப்புநர் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் பழைய மொழி நூலைச் சொல் சொல்லாக, இலக்கணத்தோடு, பொறுமையாகப் படிக்கும் பழக்கத்தையே அவர் தமிழுக்கும் கொண்டு வந்தார் என்று நாம் கருதுகிறோம். 1962 முதல் சாயர்புரத்தில் அவர் பெயரால் ஒரு கல்லூரி இருக்கிறது.

மன்திக் பாடம் இக்காலத்துக்கு எதற்கு என்று கேட்போர் நம்மிலும் உண்டு. அவர்களோடு வாதிட இங்கே இடமில்லை. இவ்வாண்டு ஈஸாகோஜி தொடங்கிய நாளில், கரும்பலகையில் அக்கிரேக்கச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி, அருகே ‘முன்னுரை’ என்றும் எழுதினோம். ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், பூவின் பெயர் என்று ஷரஹில் இருக்கிறதே?” என்றார். இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னோம்.