இடையறாத வசிப்பு: மலையகத் தமிழரும் இலங்கைக் குடியுரிமையும்

விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமோ தீவில் பிறந்தமைக்கு அது சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தமிழருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு தவணை அளித்தது. மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1-க்கு முன் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. நோயுற்ற பெற்றோரைப் பேணவோ, திருமணத்துக்கோ திருச்சிக்கும் இராமநாதபுரத்துக்கும் சென்று தங்கிவிட்டவர்க்கு அப்பயணமே எதிர்ச் சான்றாயிற்று. மெய்ப்பிக்கும் பொறுப்போ, ஆவணம் வைத்துப் பழகாத தொழிலாளியின் மீதே சுமத்தப்பட்டது.

எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

எஞ்சியோரை 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்நாட்டில் வாழ விழைகிறார்கள் என்பதை அம்மக்களைக் கேட்டு அவ்வெண்கள் வகுக்கப்படவில்லை.

அந்த 1964ஆம் ஆண்டு நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்போரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் குடிமக்களாக ஏற்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 1948இல் பறிக்கப்பட்ட உரிமை மீள 55 ஆண்டுகள் சென்றன. அதற்குள் லட்சக்கணக்கானோர் பிறந்து வளர்ந்த மலைகளை விட்டு நீலகிரியிலும் கூடலூரிலும் புதிதாக வாழ்வைத் தொடங்கியிருந்தனர்.