கணக்கில் குறைந்தவர்கள்: மலையகத் தமிழரின் இடப்பெயர்வும் இலங்கைக் குடிசன மதிப்பும்

இலங்கையின் 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவான மலையகத் தமிழர்கள் ஏறத்தாழ 11.75 லட்சம். 1981இல் அதே பிரிவில் 8.19 லட்சம் பேரே இருந்தனர். நாட்டின் மொத்த மக்கள்தொகை 1.27 கோடியிலிருந்து 1.48 கோடியாகப் பெருகிய பத்தாண்டு அது. 1973, 1974இல் தோட்டங்களை வாட்டிய பட்டினி பல உயிர்களைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் மூன்றரை லட்சம் பேரின் குறைவுக்கு இறப்பு மட்டும் காரணமாக முடியாது. பிறப்பு, இறப்புக் கணக்கைவிடப் பயிரும் சட்டமும் ஏட்டில் எழுதப்பட்ட இனப்பெயருமே இம்மக்களின் தொகையை ஏற்றியும் இறக்கியும் வந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பயிர். 1830களிலிருந்து கண்டி மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. சொந்த நிலம் வைத்திருந்த சிங்களக் குடியானவர்கள் தோட்டக் கூலிக்கு நிரந்தரமாக வர விரும்பவில்லை. ஆகவே ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்துவந்தனர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் அதிக ஆள் வேண்டும். பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தபோது வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டு வழியோரம் புதைக்கப்பட்டவர்கள் எந்தக் குடிசன மதிப்பிலும் இடம்பெறாதவர்கள்.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1880களில் மலைநாடு தேயிலைக்கு மாறியது. இந்த மாற்றத்தைப் பொருளாதார வரலாறாக மட்டும் படிப்பது போதாது. ஒரு மக்கள் சமூகம் உருவானதே இங்குதான். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளுக்கொரு முறை அதே மலைக்குத் திரும்ப வேண்டும். அந்த வேலைக்குப் பெண்களின் விரல்களைத் தோட்டங்கள் தேடின. எனவே பருவத்துக்கு வந்துபோன ஆண்களின் இடத்தில் குடும்பங்கள் வந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தொட்டில் கட்டப்பட்டது. கங்காணியின் ‘துண்டு’ முறை கடனையும் ஆளையும் சேர்த்தே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றியது; 1921இல்தான் அதற்குத் தடை வந்தது. தென் தமிழகத்துக் கிராமங்களோடு கொண்டும் கொடுத்தும் வந்த உறவு நீடித்தாலும், பிறந்த மண் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மலைநாடாகிக்கொண்டிருந்தது.

1911இல் இந்தியத் தமிழரைக் குடிசன மதிப்பு முதன்முறையாகத் தனியே எண்ணியது. அவர்கள் 5.31 லட்சம், இலங்கைத் தமிழர் 5.28 லட்சம். 1939இல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடைசெய்தது. அதற்குப் பிறகு தோட்டங்களில் தொகை பெருகியது பெரும்பாலும் பிறப்பால்தான். 1946இல் அவர்கள் 7.8 லட்சம், நாட்டின் மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்ட 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1.34 லட்சம் பேரே. நாடற்றவர்களாய் எஞ்சியவர்களைப் பங்கிட்டது 1964 அக்டோபர் மாதத்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மீந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். மக்களின் விருப்பத்தைக் கேட்கும் முன்னரே எண்கள் முடிவாகிவிட்டன. இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் அதற்கென ஒதுக்கிய எண்ணைவிட மிக அதிகம் என்பது பிறகு தெரிந்தது. தானே விரும்பி ஊர் மாறுபவர்களைப் பற்றிய இடப்பெயர்வுக் கோட்பாடுகள் இங்கே பொருந்தா.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறினார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஒரே குடும்பம் இரண்டு நாடுகளானது. அரசு ஏடுகளில் அவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அவர்களில் பலர் அதற்குமுன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ நிறுவனமாயிற்று. சமவெளியில் சிறுதொழில் கடன் பெற்றுக் குடியேற்றப்பட்டவர்களிலும் பலர், தெரியாத தொழிலில் நொடித்து, தெரிந்த தொழிலைத் தேடி மலையேறினார்கள். கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளின் இன்றைய மக்கள்தொகையில் இந்த இரண்டாம் பயணத்துக்குப் பெரும் பங்குண்டு. நாடுகடந்த இடப்பெயர்வின் தொடர்ச்சியாகவே இந்த உள்நாட்டு இடப்பெயர்வு நிகழ்ந்தது.

இலங்கையிலும் இதற்கு இணையான நகர்வு இருந்தது. தமிழருக்கு எதிரான 1977ஆம் ஆண்டு வன்செயலுக்கு அஞ்சித் தோட்டங்களை விட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறினார்கள். அங்கே பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டனர். அச்சமும் அதற்குக் காரணம், உரிமை வேட்கையும் காரணம். ஆகவே 1981இன் சரிவில் ஒரு பகுதி கப்பலேறியவர்களுடையது. இன்னொரு பகுதி பெயர் மாறியவர்களுடையது. உள்நாட்டுப் போரால் 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டோடு கரையிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் வழிசெய்து, நாடற்ற நிலையைச் சட்டத்தளவில் முடித்துவைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். 2012இல் ‘இந்தியத் தமிழர்’ 8.39 லட்சம், நாட்டின் மக்கள்தொகையில் 4.1 விழுக்காடு. முப்பத்தொரு ஆண்டுகளில் கூடியது இருபதாயிரம் மட்டுமே. இதை வைத்து மலையகத்தில் பிறப்பு நின்றுவிட்டதாக எழுதுவது பெரும் பிழை.

2023இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் நடந்தார்கள். தங்களைத் தனி அடையாளம் கொண்ட மக்களாக ஏற்க வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று.