இருதய நோயும் இல்லத்தின் துணையும்

நோய்க்கு மருந்து கொடுப்பது மருத்துவர் கடமை; நோயாளிக்குத் துணையிருப்பது சுற்றத்தார் கடமை. இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதே நெடுநாளைய வழக்கம். துணையும் ஒருவகை மருந்துதானா, அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருபடித்தாகக் கிடைக்கிறதா என்னும் வினாக்களை மருத்துவ உலகம் முறையாக ஆராயத் தொடங்கியது அண்மைக் காலத்திலேதான். அந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

மனக் கலக்கம் இருதயத்தைத் தாக்கும் என்பது பழைய அநுபவம். இரத்த ஓட்டத்தை விளக்கி 1628-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி, இன்பமும் துன்பமும் நம்பிக்கையும் அச்சமும் இருதயம் வரை எட்டுகின்றன என்று அதில் எழுதினார். லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஜான் ஹன்டர் மார்வலியால் வருந்தியவர். தமக்குச் சினமூட்டும் எவன் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று சொல்லி வந்தார். 1793-இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தை அடுத்து அவர் உயிர் பிரிந்தது.

இவை தனி மனிதரின் அநுபவங்கள். பலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து முடிவு காணும் முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. கலிபோர்னியாவில் அலமீடா வட்டாரத்து மக்களை 9 ஆண்டுகள் கவனித்துப் பெற்ற முடிவுகளை, லிசா பெர்க்மனும் லெனார்டு சைமும் 1979-இல் வெளியிட்டனர். உற்றார், நண்பர், சங்கம் ஆகிய தொடர்புகள் குறைந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. புகைபிடித்தல் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேற்றுமை மறையவில்லை. 1993-இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் நான்சி ஃப்ரேசர் ஸ்மித் குழுவினர் மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரை ஆராய்ந்தனர். மனச்சோர்வுற்றிருந்தோர் ஆறு மாதங்களுக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று கண்டனர்.

அப்படியானால் ஆறுதல் அளித்து உயிர் காக்கலாம் அன்றோ? அக்குழுவினரே 1,376 நோயாளிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். மாதந்தோறும் தொலைபேசியில் நலம் விசாரிக்கப்பட்டது. மனம் வருந்தியோரின் இல்லம் தேடிச் செவிலியர் சென்றனர். 1997-இல் வெளியான முடிவு வியப்பளித்தது. ஆண்களுக்கு நன்மை விளையவில்லை. பெண்களிலோ, இவ்வுதவியைப் பெற்றோரிடையே இறந்தவர் தொகை மற்றப் பெண்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அதனைப் புறக்கணிக்க இயலவில்லை. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2003-இல் வந்தது. மனச்சோர்வும் தனிமையும் ஓரளவு தணிந்தன, இறப்புக் குறையவில்லை.

விளக்கத்தின் ஒரு பகுதி ஸ்வீடனிலிருந்து வந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் இருதய நோயுற்ற பெண்களைக் கிறிஸ்டினா ஓர்த் கோமேர் குழுவினர் சுமார் 5 ஆண்டுகள் கவனித்தனர். மணவாழ்க்கையில் கடும் மனத்தாங்கல் உடையோருக்கு நோய் மீண்டும் தாக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அலுவலகப் பளு அவ்வாறு தீங்கு செய்ததாகத் தெரியவில்லை. 2000-இல் இதனை வெளியிட்ட அவர்கள், பின்னர் 237 பெண்களிடம் வேறொரு முறையைச் சோதித்தனர். நான்கு முதல் எட்டுப் பெண்கள் மட்டும் கூடும் சிறு குழுக்கள். ஓராண்டில் 20 கூட்டங்கள். வீட்டுச் சுமையையும் மன வருத்தத்தையும் அங்கே தங்களுக்குள் மனம்விட்டுப் பேசினர். சுமார் 7 ஆண்டுகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 20 பேரும், குழுவில் கூடியோரில் நூற்றுக்கு 7 பேரும் இறந்திருந்தனர் என்று 2009-இல் அறிவித்தனர். இஃது ஒரு நகரத்தின் சிறிய ஆய்வே. எனினும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். 'ஆதரவு' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்வது எனக்கு எளிது. அச்சொல்லுக்கு ஆணுக்கொரு பொருளும் பெண்ணுக்கொரு பொருளும் உண்டு என்பதை இவ்வரலாறு எனக்குக் கற்பித்தது. நான் வசிக்கும் குடியிருப்பில் மாரடைப்பிலிருந்து மீண்ட கணவருக்கு வேளை தவறாமல் கஞ்சியும் மாத்திரையும் கொடுக்க மனைவி இருக்கிறார். அதே நோயுடன் வீடு திரும்பிய அம்மையார் ஒருவரோ பத்தாம் நாளே அடுப்படியில் நின்றார். அவரைத் தடுக்க வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

ஊரில் இருந்தால் அக்காளோ நாத்தனாரோ வந்து கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். தொலைவில் வாழும் நமக்கு அக்கம்பக்கத்தாரே உறவினர். மருத்துவர் எழுதிய மருந்து தவறாமல் உட்கொள்ளப்பட வேண்டும். அதற்கு ஈடாக எந்தத் துணையும் ஆகாது. ஆனால் நோயுற்ற பெண்மணியைக் காணச் செல்லும்போது பழத்தோடு ஒரு வேளைச் சாப்பாட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சற்று நேரம் அமர்ந்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். அன்று அவர் எழுந்து உங்களுக்குக் காப்பி கலக்கும்படி மட்டும் செய்துவிடாதீர்கள்.