பித்தப்பைக் காசநோய்: கண்டறிதலின் வரலாறு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காசநோயை எலும்புருக்கி என்றார்கள். இன்று லீ பஜாரில் எல்லாரும் டி.பி. என்கிறார்கள். பெயர் எதுவானாலும் அது நுரையீரல் நோய் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அது குடல், எலும்பு, மூளை என எங்கும் வரக்கூடியது. மிக அரிதாக அது பற்றும் உறுப்புகளில் ஒன்று பித்தப்பை.

பித்தப்பைக் காசநோயை முதலில் பதிவு செய்தவர் கோஷே, ஆண்டு 1870. காசநோய் தொற்றக்கூடியது என்று வில்லமேன் 1865இல் விலங்குகளில் காட்டியிருந்தாலும், கிருமியை அதுவரை யாரும் பார்த்ததில்லை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அந்தக் கிருமியை அறிவித்தார். அதே பெர்லினில், அதே ஆண்டு ஜூலை 15 அன்று, கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் பித்தப்பையை முதன்முதலாக வெட்டி அகற்றினார். இரண்டுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. இந்த நோயை அறிய இரண்டு திறன்களும் தேவைப்பட்டன: உறுப்பை வெளியே எடுப்பது, கிருமியை நுண்ணோக்கியில் காண்பது. வியப்பு என்னவென்றால், இன்றும் பெரும்பாலும் கத்திக்குப் பிறகுதான் நோயின் பெயர் தெரிகிறது.

காரணம் உண்டு. பித்தநீர் காசநோய்க் கிருமியை வளரவிடுவதில்லை என்று கருதப்படுகிறது. கல் அடைத்து, பித்தநீர் வந்துபோவது நின்ற பையில்தான் அது பெரும்பாலும் இடம் பிடிக்கிறது. ஆகவே நோயாளிக்கு வலப்பக்க மேல்வயிற்று வலி, ஸ்கேனில் கல். மருத்துவர் வேறெதை நினைப்பார்? பையின் சுவர் தடித்திருந்தால் புற்றுநோயோ என்ற ஐயம் எழும். அப்போது கல்லீரலின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டும் பெரிய அறுவைக்கு நோயாளி போக நேரிடலாம்.

சிகிச்சை அவ்வளவு கடினமன்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமடைவதை 1959இல் உலகுக்குக் காட்டியது. இன்று பொதுவாக ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்தால் போதும்.

1990இல் மும்பையில் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார். அதன்பின் சிறு துளைகள் வழியே பித்தப்பையை எடுப்பது நம் ஊர்களிலும் வழக்கமாயிற்று. எனக்குத் தெரிந்த ஒருவர் கற்களை மட்டும் சின்ன சீசாவில் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். பை என்னவாயிற்று என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பைதான் சாட்சி. அதன் திசுவை மெல்லியதாகச் சீவிப் பார்த்தால், நடுவே பாலாடைக் கட்டிபோல் சிதைந்த சிறுமணித் திரள்கள் தெரியும். சீல்-நீல்சன் சாயமேற்றினால் கிருமி சிவந்த குச்சியாகத் தெரிய வேண்டும். எண்ணிக்கை குறைவென்றால் தெரியாமலும் போகும். அப்போது கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல்: கல் என்று நம்பி எடுத்த பையை முழுவதும் ஃபார்மலினில் போட்டிருப்பார்கள். ஃபார்மலின் திசுவைக் காக்கும், கிருமியைக் கொன்றுவிடும். ஒரு துண்டையாவது உப்புநீரில் தனியே வைத்திருந்தால்தான் அந்தச் சோதனை நடக்கும். அதற்கு அறுவை அரங்கிலேயே யாருக்காவது காசநோய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.