‘ரஸ்ட்’ பிறந்த கதை

சி மொழி படித்த நம் பழைய மாணவர்களுக்குப் ‘பாயின்டர்’ என்றாலே இன்னமும் வயிற்றைக் கலக்கும். கேட்டு வாங்கின நினைவக இடத்தை நாமே திருப்பிக் கொடுக்கணும், கொடுத்தபின் தொடக்கூடாது. தவறினால் புரோகிராம் படுத்துவிடும். ஜாவா போன்ற மொழிகளில் இந்தத் தொல்லை இல்லை. வேண்டாத இடத்தைப் பெருக்கித் தள்ள, கூடவே ஒரு ‘வேலையாள்’ ஓடுகிறான். ஆனால் அவனுக்கும் நேரம் செலவாகுமே! அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்கள் சி, சி பிளஸ் பிளஸ்ஸை விடவில்லை. வேகம் வேண்டுமானால் ஆபத்தையும் ஏற்கத்தான் வேண்டும் என்றிருந்தார்கள்.

2006-ல் கனடாவின் வான்கூவரில், மொசில்லாவில் பணிபுரிந்த கிரேடன் ஹோர் ஒருநாள் வீடு திரும்பினார். மென்பொருள் கோளாறினால் லிஃப்ட் ஓடவில்லை. வீடோ 21-வது மாடி! ஒரு லிஃப்டைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியலையே என்ற ஆதங்கத்தில், ஓய்வு நேரத்தில் அவர் எழுதத் தொடங்கிய மொழிதான் ரஸ்ட். பெயர், எளிதில் அழியாத துருப் பூஞ்சையிலிருந்து வந்தது.

2009-ல் மொசில்லா ஆதரவு தந்தது. 2010-ல் உலகுக்கு அறிவித்தது. முதல் கம்பைலர் ஓகேமல் மொழியில் இருந்தது. 2011-ல் ரஸ்ட் தன்னைத்தானே கம்பைல் செய்துகொண்டது.

அதன்பின் நடந்ததுதான் சுவாரசியம். ஆரம்ப ரஸ்ட்டிலும் அந்த ‘வேலையாள்’ இருந்தான், அவனை நீக்கினார்கள். தனக்கென வைத்திருந்த இலகு ‘திரெட்’ ஏற்பாட்டையும் நீக்கினார்கள். 2013-ல் ஹோரே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மிஞ்சியது ‘உரிமை’ என்ற விதி. ஒவ்வொரு தரவுக்கும் ஒரே உரிமையாளர். அவர் கதை முடிந்தால் இடமும் தானாகத் திரும்பிவிடும். இரவல் கொடுக்கலாம்: படிக்க மட்டும் என்றால் பலருக்கு, திருத்த என்றால் ஒருவருக்கு. புரோகிராம் ஓடுமுன்பே கம்பைலர் இதைச் சரிபார்த்துவிடும். ஃபங்ஷனல் பாணியோ, பழைய சி பாணியோ, எப்படி எழுதினாலும் இந்த விதி உண்டு. 2015 மே 15-ல் பதிப்பு 1.0 வந்தது.

தான் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகளே என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னபோது, இதன் அருமை பலருக்கும் புரிந்தது. 2020-ல் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. ரஸ்ட் என்னாகுமோ என்ற கவலை எழுந்தது. 2021-ல் தனி அறக்கட்டளை அமைந்தது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-க்குள்ளும் ரஸ்ட் நுழைந்தது.

தம்பி தங்கைகளே, ரஸ்ட் கம்பைலர் முதலில் உங்களை ரொம்பத் திட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ப்ராஜெக்ட்டிலும் ஆசையாய்ச் சேர்த்த ஒன்றை எடுத்தெறிய நேர்ந்தால் தயங்காதீர்கள். ஒன்பது வருஷம் அப்படிச் செய்துதான் இந்த மொழி உருப்பட்டது.