தட்டுக்கு உரிமை, கோப்பைக்கு அனுமதி

புனே நகரின் கிழக்கோரத்தில், முளா-முட்டா ஆற்றின் வடகரையில் இருக்கிறது கராடி. அங்குள்ள மென்பொருள் வளாகங்களைச் சுற்றி நடுத்தர விலை உணவகங்கள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றில் இருவர் இரவு உணவு உண்டு, ஆளுக்கொரு கோப்பை ஒயினும் அருந்தினால், அவர்கள் கையில் வரும் விலைச்சீட்டில் இருவகை வரி இருக்கும். தட்டில் வந்ததற்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. கோப்பையில் வந்ததற்கு மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி. பின்னதை மகாராஷ்டிர அரசு 2023 நவம்பரில் 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆக உயர்த்தியது. மனிதர் அருந்தும் மது, சரக்கு மற்றும் சேவை வரியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பணியாளர். ஆயினும் தட்டும் கோப்பையும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகின்றன.

இந்தப் பிளவு வரிக்கணக்கில் தோன்றியது அன்று. அதன் வேர் 1950இல் இருக்கிறது. அவ்வாண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எக்குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. ‘பொது உணவகம்’ என்ற சொல் ஒரு நாட்டின் அடிப்படை உரிமைகளுக்குள் இடம்பெறுவது எளிய செய்தியன்று. அதே அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மருத்துவப் பயன்பாடு தவிர மதுவை விலக்க அரசு முயலவேண்டும் என்ற வழிகாட்டு நெறியை வகுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் பம்பாய் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. உணவகத்தின் கதவைத் திறந்த ஆண்டே புட்டியின் வாயையும் மூடியது. முன்னது உரிமையின் வழக்கு. பின்னது அனுமதியின் வழக்கு. புனேயில் வெளியே உண்பதன் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே நடந்த ஒன்றாகும்.

கதவு எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதைப் புனேயே நன்கறியும். 1868இல் ஜோதிராவ் புலே தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாமைக்கு உட்பட்டோருக்குத் திறந்துவிட்டார். நீரை ஒரே இடத்தில் முகப்பதே கலகமாக இருந்த நகரம் அது. 1890இல் பஞ்ச் ஹௌத் கிறித்தவ மிஷனில் நடந்த ஒரு கூட்டத்தின் இறுதியில் விருந்தினர்க்குத் தேநீர் வழங்கப்பட்டது. ரானடே, திலகர், கோகலே முதலியோர் அங்கிருந்தனர். சிலர் குடித்தனர்; சிலர் கோப்பையைத் தொட்டதோடு நிறுத்திக்கொண்டனர். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த கோபால்ராவ் ஜோஷி, நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரான ஆனந்திபாயின் கணவர். வந்திருந்தோரின் பெயர்கள் நாளேட்டில் வெளிவந்தன. சாதி விலக்கு மிரட்டல் எழுந்து, விவகாரம் சங்கராச்சாரியாரின் விசாரணை வரை சென்றது. தாம் காசியில் முன்பே பரிகாரம் செய்துவிட்டதாகத் திலகர் வாதிட்டார். சமூகச் சீர்திருத்தத்தின் முதன்மைக் குரலாயிருந்த ரானடேயும் இறுதியில் பரிகாரச் சடங்குக்கு உடன்பட்டார். இன்று புனேத் தெருக்களின் தேநீர்க் கடைகள் ‘அம்ருத்துல்ய’ என்ற பெயரைத் தாங்குகின்றன. அமுதுக்கு நிகரானது என்று பொருள். குடித்தவரைச் சாதியிலிருந்து தள்ளிவைக்கப் போதுமானதாக ஒரு காலத்தில் கருதப்பட்ட பானத்துக்கே இந்தப் பெயர்.

இடைப்பட்ட மாற்றத்தை நிகழ்த்தியவர்களில் நகரத்துக்கு வெளியிலிருந்து வந்தோர் பலர். இராணுவக் குடியிருப்பான கேம்ப் பகுதியில் 1878இல் தொடங்கிய தோராப்ஜி உணவகம் பார்சிகளின் தான்சாக்கையும் பிரியாணியையும் விற்றது. ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் 1935இல் இரானியர் ஒருவர் குட்லக் உணவகத்தைத் தொடங்கினார். பார்சிகளும் இரானியரும் இந்துச் சாதி அடுக்குக்கு வெளியே நின்றமையால் அவர்களது மேசையில் யார் அருகே யார் என்ற கேள்வி தளர்ந்தது. பன் மஸ்காவும் தேநீரும் மலிவு, மேசை பொது, மாணவர் மணிக்கணக்கில் அமரலாம். அதே சாலையில் 1950களில் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த ஜகன்னாத் ஷெட்டி இரு உணவகங்களை வளர்த்தெடுத்தார். இன்று ரூபாலி, வைஷாலி என்று புகழ்பெற்ற அவற்றின் பழைய பெயர்கள் ‘கஃபே மெட்ராஸ்’, ‘மெட்ராஸ் ஹெல்த் ஹோம்’. நடத்தியவர் துளுநாட்டவர், பெயரோ சென்னையுடையது. இட்லியும் தோசையும் மராத்தி நாவுக்கு அறிமுகமாவதற்கு ‘மெட்ராஸ்’ என்ற சொல்லே முகவரியாயிற்று. வெளியூர் மாணவருக்கும் தனியாள் ஊழியருக்கும் மாதக் கணக்கில் சோறு போட்டவை ‘காணாவள்’ எனப்பட்ட மெஸ்கள்.

மெட்ராஸ் என்ற பெயர் புனேயில் நவீனத்தின் அடையாளமாக நின்றபோது, சென்னையின் நிலை எப்படியிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தென்னிந்திய ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு நெடும் எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் நீங்கியது. அரசியலமைப்பு வந்து ஏழாண்டு கழிந்த பிறகும் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருந்தது. 1957இல் பெரியார் அதனை எதிர்த்து மறியல் நடத்தவேண்டியிருந்தது. 15ஆம் பிரிவு கதவைத் திறந்தது. பலகையிலிருந்த சொல்லை அகற்ற மக்கள் தெருவில் நிற்க நேர்ந்தது.

இனிக் கோப்பைக்கு வரலாம். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை மொரார்ஜி தேசாய் உறுதியோடு நடைமுறைப்படுத்தினார். 1951இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆல்கஹால் கலந்த மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் தொடர்பான சில கூறுகளை நீக்கிவிட்டு, சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. 1960இல் மாநிலம் இரண்டானபோது இரண்டும் அதே சட்டத்தையே மரபுரிமையாகப் பெற்றன. குஜராத் அதைக்கொண்டு மதுவிலக்கைத் தொடர்ந்தது; மகாராஷ்டிரம் அதற்குள்ளேயே அனுமதிச்சீட்டுகளைப் பெருக்கி விலக்கைத் தளர்த்தியது. சட்டம் நீக்கப்படவில்லை, விதிவிலக்கே நடைமுறையாயிற்று. இன்றும் அம்மாநிலத்தில் மது அருந்துபவர் ஏட்டளவில் அனுமதி பெற்றவராக இருக்கவேண்டும். ஒருநாள் அனுமதிக்குக் கட்டணம் 5 ரூபாய். பீர், ஒயினுக்கு வயது வரம்பு 21. விஸ்கி, பிராந்தி போன்றவற்றுக்கு 25.

இச்சட்டம் மக்கள் மொழியில் விட்டுச்சென்ற தடம் ‘பெர்மிட் ரூம்’. மகாராஷ்டிரத்தின் எந்தச் சாலையிலும் இப்பலகையைக் காணலாம். அனுமதிச்சீட்டு உடையோர் அமரும் அறை என்ற சட்டப்பொருள் கேட்போர் மனத்தில் தேய்ந்து, மதுக்கூடம் என்ற பொருளே நிலைத்துவிட்டது. பல இடங்களில் அதன் பக்கத்தில் ‘ஃபேமிலி’ என்றொரு பகுதியும் இருக்கும். சொல் குடும்பம் என்கிறது. குறிப்பு பெண்கள் இங்கே அமரலாம் என்பதாகும். பெண்ணை ஒருபுறமும் குடிப்பவனை மறுபுறமும் அமர்த்திய இந்தப் பிரிப்பைச் செய்தது எந்தப் பிரிவும் அன்று. இரண்டு பலகைகளே செய்தன.

‘ஒயின்’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டின் ‘ஒயின் ஷாப்’பிலும் மகாராஷ்டிரத்தின் ‘வைன்ஸ்’ கடையிலும் விற்பனையின் பெரும்பகுதி ஒயின் அன்று. பிராந்தியும் விஸ்கியும் ரம்மும் பீரும். திராட்சை மது அரிதாயிருந்த நாட்டில் அதன் பெயர் மட்டும் கடைப்பலகையில் ஏறி, எல்லா மதுவுக்கும் பொதுப்பெயர் ஆனது. பண்டைத் தமிழ் நூல்களின் நிலை வேறு. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் புறநானூறு பாண்டியனின் கையில் காட்டுகிறது; காவிரிப்பூம்பட்டினத்தில் மீனும் இறைச்சியும் பொரியும் கள்ளுக்கடையின் கொடியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இறக்குமதித் தேறல் அரசனுக்கு, உள்ளூர்க் கள்ளும் பொரியலும் துறைமுக மக்களுக்கு என்ற பாகுபாடு அங்கேயே தொடங்குகிறது.

இப்பாகுபாடு தளர வேண்டுமானால் ஒயின் உள்ளூரில் விளைய வேண்டும். அது நடந்த நிலப்பரப்பு புனேயைச் சுற்றியே உள்ளது. புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே 1980களில் இண்டேஜ் நிறுவனத்தின் வழியே நுரைக்கும் ஒயினைத் தயாரித்து வெளிநாட்டுக்கும் அனுப்பினார். 1997இல் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் கராடிக்கு எதிர்க்கரைப் பக்கமுள்ள மாஞ்சரியில் நிறுவப்பட்டது. நாசிக்கில் ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா 2000இல் தன் முதல் ஒயின்களை வெளியிட்டது. 2001இல் மாநில அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழிற்கொள்கையை அறிவித்து, ஒயின் உற்பத்திக்குக் கலால் தீர்வையிலிருந்து விலக்களித்தது. சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில் இத்தாலியக் குடும்பமொன்றும் இந்தியக் குடும்பங்கள் இரண்டும் இணைந்து தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ஃப்ரத்தெல்லி. இத்தாலிய மொழியில் அது ‘சகோதரர்கள்’. கொள்கையின் நோக்கில் ஒயின் உழவரின் விளைபொருள். 47ஆம் பிரிவின் நோக்கில் அது விலக்கத்தக்க பொருள். ஒரே அரசு இரண்டு முகங்களையும் காட்டியது. அதன் இடைவெளியில்தான் குறைந்த விலைப் புட்டி பிறந்தது.

கராடி மாநகராட்சியோடு இணைந்ததும் 1997இல்தான். வயலும் ஆற்றங்கரையுமாக இருந்த சிற்றூர், அடுத்த பதினைந்தாண்டுகளில் ஈயான் வளாகமும் உலக வர்த்தக மையமும் எழுந்த தொழில்நுட்பப் பகுதியாயிற்று. தமிழகம், ஆந்திரம், வங்காளம், வடமாநிலங்கள் என எங்கிருந்தோ வந்த இளைஞர் குடியேறினர். பாட்டியின் சமையலறை அருகில் இல்லாதவர்களுக்கு உணவகம் ஆடம்பரமாகாது, அது அன்றாடம். ஆனால் நல்ல சோறு கிடைக்கும் மலிவான கடையில் நல்ல ஒயின் கிடைப்பது இன்றும் அரிது. அதற்குக் காரணம் சுவையின்மை என்பது பொருந்தாது, கணக்கே காரணம். 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்று ஐந்து கோப்பை தரும். திறந்த ஒயின் காற்றுப்பட்டுச் சில நாளில் கெடும், விஸ்கி கெடாது. புட்டி கெடுமுன் இரண்டு கோப்பை மட்டும் விற்கும் சிறு கடை, மீதி மூன்றின் இழப்பை அந்த இரண்டின் விலையில் ஏற்றியாக வேண்டும். புனேயின் மே மாத வெயிலில் புட்டிகளைக் குளிர்வித்து வைக்கும் செலவும், உரிமக் கட்டணமும், முன்சொன்ன வரியும் அதன் மேல் சேரும்.

அனுமதி என்பது எவ்வளவு நிலையற்றது என்பதை 2017 காட்டியது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற ஆணை ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் செயலுக்கு வந்தது. ஜூலையில், நகர எல்லைக்குள் உள்ள உரிமங்களுக்கு அது தடையாகாது என்று நீதிமன்றமே விளக்கியது. அவ்விடைக்காலத்தில் சாலையோர உணவகங்களில் தட்டு மேசையில் இருந்தது, கோப்பை எடுக்கப்பட்டது. 15ஆம் பிரிவு காக்கும் ஒன்றை அவ்வாறு ஒரே நாளில் எடுத்துவிட முடியாது. மது வணிகம் அடிப்படை உரிமையாகாது என்று 1994இல் கோடே வழக்கில் நீதிமன்றம் கூறியதன் நடைமுறைப் பொருள் இதுவே.

தமிழகத்தோடு ஒப்பிட்டால் விலைக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு மேலும் தெளிவாகும். 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, மறுபடியும் தளர்ந்தது, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம் வந்தது. மேசையில் மது பரிமாறும் உரிமம் மன்றங்களுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும் உரியது. தெருவோரத்துத் தனி உணவகத்துக்கு அது இல்லை. ஆகவே மயிலாப்பூரின் மெஸ்ஸோ திண்டுக்கல்லின் பிரியாணிக் கடையோ எவ்வளவு நேர்த்தியாகச் சமைத்தாலும் அதன் மேசையில் ஒரு கோப்பை ஒயின் வர வழியில்லை. வசதியுள்ளவர் விடுதியில் உணவோடு அருந்துகிறார். இல்லாதவர் டாஸ்மாக் பாரில் நின்றுகொண்டு, உணவின்றி, விரைந்து குடிக்கிறார். குடியின் தீமையைக் குறைப்பதற்காக வகுத்த ஏற்பாடு, ஏழையின் குடியிலிருந்து உணவையும் துணையையும் நேரத்தையும் பிரித்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் பெர்மிட் ரூம் குறைபாடுடையதாயினும், தட்டையும் கோப்பையையும் நடுத்தர வருவாயினரின் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது.

ஆனால் அந்த மேசை யாருடையது என்ற கேள்வி தீரவில்லை. கராடியின் கண்ணாடிக் கட்டடங்களைக் காவல் காப்பவரும், இரவில் உணவுப்பொதி சுமந்து இருசக்கர வாகனத்தில் விரைபவரும், தம் மாத வருவாயைக் கொண்டு அந்த உணவகங்களுள் எத்தனையில் அமர முடியும்? 1890இல் தேநீர்க் கோப்பையைத் தொடுவதற்குச் சாதி தடையாயிருந்தது. 1950 அத்தடையைச் சட்டத்தில் நீக்கியது. அரசியலமைப்பு எண்ணிச் சொன்ன தடைகளின் பட்டியலில் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் உள்ளன, விலை இல்லை. மலிவான நல்ல உணவகம் என்பது அதனால்தான் வெறும் நுகர்வோர் விருப்பமாக முடிந்துவிடுவதில்லை. 15ஆம் பிரிவு திறந்துவைத்த கதவின் வழியே எத்தனை பேர் உண்மையில் உள்ளே வந்து அமர்கிறார்கள் என்பதை அளக்க, விலைப்பட்டியலும் ஒரு வரலாற்று ஆவணமே.