நண்டு வளையும் அரியலூர்க் கடலும்

தாராவியை அடுத்த மாஹிம் ஓடையில் கடல்நீர் வற்றும் வேளையில், அலையாத்தி மரங்களின் அடியிலுள்ள சேற்றை நம்மிற் பலர் பார்த்திருப்போம். எங்கு நோக்கினும் நண்டு வளைகள். மறு ஓதத்தில் அவற்றுட் பல தூர்ந்துவிடும். அவ்வாறு மணலால் நிரம்பிய வளை, அரிதாக, மண்ணோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடுவதும் உண்டு.

மும்பையின் கரும்பாறை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது; அதிற் கடல்வளைகளைத் தேடிப் பயனில்லை. (ஒர்லியில் குழம்பு அடுக்குகளின் இடையே கிடைத்த சிறு தவளைகளை 1847-இல் ஓவன் என்னும் அறிஞர் விவரித்தார், அவை நன்னீரில் வாழ்ந்தவை.) ஆனால் விழுப்புரத்திலிருந்து கார்டு லைனில் திருச்சி செல்லும் நேயர்கள், அரியலூரை அடைந்ததும், சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கிய கடலின் அடித்தளத்தின்மீதே செல்கிறார்கள்.

அங்கே கேயும் கன்லிஃபும் திரட்டிய சிப்பிகளை லண்டனில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். பிளான்ஃபோர்டு அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். சிப்பிகளுக்குப் பெயர்கள் குவிந்தன. வளைகளையோ எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அக்காலத்து ஐரோப்பிய அறிஞருட் பலர் இத்தகைய அடையாளங்களைக் கடற்பாசியின் பதிவுகள் என்றே எண்ணியிருந்தனர். சுவீடன் நாட்டு நாத்தோர்ஸ்ட், உயிருள்ள பிராணிகளை ஊரவிட்டுச் சோதித்து, அவற்றுட் பல பிராணிகளின் சுவடுகளே என்று 1881-இல் காட்டினார்.

பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. வளை இருக்கிறது, குடியிருந்த பிராணி இல்லை. ஒரே பிராணி மணலில் ஒருவிதமாகவும் சேற்றில் வேறுவிதமாகவும் தோண்டும். ஆகவே வளைக்கு அதன் வடிவை நோக்கியே பெயரிடுகின்றனர். ஜெர்மானியரான சைலாக்கர் 1953-இல், தங்குதல், இரைதேடல், மேய்தல், ஊர்தல், இளைப்பாறல் எனச் செய்கையை வைத்துச் சுவடுகளை வகுத்தார்.

அரியலூர்ப் பக்கத்திற் கிடைக்கும் இரண்டைச் சொல்வோம். சுவரெங்கும் சேற்றுருண்டைகளைப் பதித்த குழாய் ‘ஓஃபியோமார்ஃபா’. சரியும் மணலில் வாழ்ந்த இறால் இனப் பிராணி தன் வீட்டுக்குப் பூசிய பூச்சு அது. பூச்சின்றிக் கவைக்கொம்புபோற் கிளைத்துப் படர்வது ‘தலாசினாய்டிஸ்’. அங்கே தரை சற்று இறுகியிருந்தது, சுவர் தானாகவே நின்றது. அலைமோதிய ஆழமற்ற கடலா, அமைதியான நீரா என்பதையும் இவற்றால் ஊகிக்கலாம்.

சிப்பியைப் பெயர்த்து அலமாரியில் வைக்கலாம். வளையைப் பெயர்த்தால், எந்த அடுக்கில், எத்திசை நோக்கி இருந்தது என்னும் செய்தி போய்விடுகிறது. டால்மியாபுரத்தில் 1939-இல் சிமெண்டு ஆலை எழுந்தது முதல் அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. பல அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்ததும் வெட்டியதனால்தான், அழிந்ததும் அதனால்தான். விடுமுறைக்கு ஊர் செல்வோர் ஓடைக்கரைப் பாறையில் இத்தகைய கிளைகளைக் கண்டால், சுத்தியலை எடுக்க வேண்டாம். அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் பிடித்து, இடத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.